திசை என்னும் கட்டம்

குத்தாயிசி. அக்டோபர் மழை.
ஸ்ட்ரெச்சரில் வந்தவன் பத்ரி,
முன்வரிசை ஆட்டக்காரன், நூற்றுப் பதினெட்டு கிலோ,
காதுக்குள் இன்னும் மைதானத்துச் சேறு.

முட்டியில் பெரிதாக ஒன்றுமில்லை.
கொஞ்சம் வீக்கம்.
"தானே உள்ளே போயிடுச்சு டாக்டர், டொக்குனு"
என்கிறான் அண்ணன் ஓத்தார்,
நல்ல சேதி கொண்டுவந்தவன் போல.

எனக்கு அதுதான் பயம்.
விலகியே கிடக்கும் மூட்டு உண்மை பேசும்.
திரும்பிப் போய் உட்கார்ந்தது
ஒன்றும் நடக்காத மாதிரி முகம் வைத்துக்கொள்ளும்.

படிவத்தை எடுக்கிறேன்.
கணைக்கால் எந்தத் திசையில் போனது?
முன்னால் என்றால், முட்டி பின்பக்கமாய் மடிந்திருக்கும்.
பின்னால் என்றால், பெரும்பாலும் காரின் டேஷ்போர்டு.
பக்கவாட்டா, முறுக்கா,
திசைக்குச் சாட்சி வேண்டும்.

ஓத்தார் வீடியோ காட்டுகிறான்.
ஆணிக்காலணி சேற்றில் ஊன்றி நிற்கிறது,
உடம்பு மட்டும் திரும்புகிறது,
வெளிப்பக்கமிருந்து மூன்று பேர் சரிகிறார்கள்
சரியாக அந்த நொடியில்
கேமரா பந்தின் பின்னால் போய்விடுகிறது.
யாரோ ட்ரை வைக்கிறார்கள்.
கூட்டம் கத்துகிறது.

மற்ற கட்டத்துக்குச் சாட்சி வேண்டாம், கை போதும்.
முன்னால் இழுத்தேன், வந்தது.
பின்னால் தள்ளினேன், போனது.
சிலுவை நார் இரண்டும் இல்லை.
எங்கள் நினோவின் சிலுவைக்கும் கைகள் தொங்கும்;
அவள் கூந்தலால் கட்டினாள்.
உட்பக்க ஜவ்வு
தாழ்ப்பாள் போன கதவாய்த் திறக்கிறது.
வெளிப்பக்கம் மட்டும்
நெரிசல் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தவன் போல.

ஒரு சிலுவை தப்பியிருந்தால் ஒன்று.
இரண்டும் போய்ப் பக்கங்கள் நின்றால் இரண்டு.
நாலும் அறுந்தால் நான்கு, எலும்பும் உடைந்தால் ஐந்து.
இவன் மூன்று.
மூன்றுக்குப் பக்கத்தில் எம் எழுதினேன்.
அதற்குப் பக்கத்தில் 'சி' எழுதுவதா என்பதுதான் இரவு முழுக்கக் கேள்வி.

முட்டிக்குப் பின்னால் ஓடும் தமனி
மேலும் கீழும் முடிச்சிட்ட கயிறு,
நடுவில் இழுத்தால் நழுவ இடமில்லை.
பாதம் குளிர்ந்திருக்கிறது.
மழையாலா?
மேற்பாதத்தில் விரல் வைத்துக் காத்திருக்கிறேன்.
துடிப்பது அவன் காலா, என் விரல்நுனியா?

"கட்டைவிரலைத் தூக்கு."
தூக்குகிறான்.
நரம்பு இருக்கிறது.
"அடுத்த சனிக்கிழமை தெலாவியில் மேட்ச்" என்கிறான்.
டாப்ளர் கொண்டுவரச் சொல்கிறேன்,
அப்படியே ஸ்கேன் அறைக்குப் போன் போடவும்.

விழுந்தது நாலே முக்கால்.
இப்போது ஏழு.
திசைக் கட்டத்தில் 'தெரியவில்லை'.

ஓத்தார் வீடியோவை மறுபடி ஓடவிடுகிறான்,
சத்தத்தை அணைத்துவிட்டு,
இந்தத் தடவையாவது
கேமரா நின்றுவிடும் என்பதுபோல.