இறக்கம்

கீழே பாருங்கோ என்றேன்.
கனகசூரியம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
கேட்காமல் இல்லை. நெற்றி சுருங்கியது,
கழுத்து முயன்றது,
விழி மட்டும் நின்ற இடத்தில் நின்றது.

சீனக்குடாவில் இருபத்தாறு வருடம்
ரயில் கேற்றில் காவல் இருந்தவர்.
மூன்று மாதத்தில் நாலு தரம்
படியில் விழுந்திருக்கிறார்.
சோற்றுக் கோப்பையைக் கைதான் தேடுகிறதாம்,
மனைவி புவனமலர் சொன்னா.

கிளினிக் யன்னலுக்கு வெளியே ஒரு புள்ளிமான்
யாரோ எறிந்த லஞ்ச் ஷீற்றை மென்றுகொண்டிருந்தது.
என் கண் அங்கே போய்த் திரும்பிவிட்டது,
நான் அனுப்பாமலே.
செக்கனுக்கு மூன்று தரம் பாய்கிறது கண்.
பாய்கிறபோது எதையும் காண்பதில்லை.
கிழிந்த இடத்தை மூளை
சத்தமில்லாமல் தைத்துத் தருகிறது.
தையல் தெரியாததால்
முழுசாய்ப் பார்த்தோம் என்கிறோம்.

அவருக்கு எப்படிச் சொல்வது?
கேற்றை வைத்தே தொடங்கினேன்:
மூளைத் தண்டில் சில கலங்கள் இருக்கு ஐயா,
அதுகளுக்கு மறிக்கிறது மட்டும்தான் வேலை.
நீங்கள் ஒன்றை உற்றுப் பார்க்கிற நேரமெல்லாம்
நில், நில் என்று விடாமல் துடிக்கும்.
அதுகள் வாய் மூடினால்தான் கண் கிளம்பும்,
செக்கனில் இருபதில் ஒரு பங்கு.
பிறகு திரும்பவும் மறியல்.

"அப்ப அந்தக் கேற் எப்பவும் பூட்டு," என்றார்.
"எங்கட கேற் எப்பவும் திறப்பு.
ரயில் வந்தால்தான் பூட்டு."
ஒரு நாளைக்கு எத்தனை ரயில்?
சிரித்தார். சிரிப்பு முகத்துக்கு வந்துசேர
நேரமெடுத்தது.

என் மூக்கைப் பாருங்கோ, விடவேண்டாம்.
இரண்டு கையாலும் தலையை ஏந்தி
மெல்லப் பின்னால் சாய்த்தேன்.
இறங்கின.
சொல்லி இறங்காத கண்கள்
வழுக்கிக்கொண்டு இறங்கின.
தண்டவாளம் பழுதில்லை, இழுக்கிற தசை பழுதில்லை.
கொடி அசைக்கிற கலங்கள்தான் நடுமூளையில்
ஒவ்வொன்றாய் வேலையை விட்டுப் போகின்றன.
மாற்றாள் அனுப்ப
எந்தத் திணைக்களமும் இல்லை.

இதை நான் சொல்லவில்லை.
துண்டில் எதையோ எழுதினேன்.
புவனமலர்தான் கேட்டா:
"பிஸ்கற் ரின்னைக் கவிழ்த்து
அதுக்கு மேல கோப்பையை வைச்சால்?"
வையுங்கோ என்றேன்.
அன்றைக்கு அந்த அறையில் நடந்த வைத்தியம்
அவ்வளவுதான்.

வாசலில் ஒரேயொரு படி.
அவர் நேரே பார்த்தபடி நின்றார்,
கடல் பக்கம்.
புவனமலரின் கண்கள் பாய்ந்தன:
செருப்பு, படி, அவர் முகம்,
திரும்பவும் செருப்பு.
"இறக்கம்," என்றா.