கூடப் போட்ட இரண்டு மணி நேரம்

டைம்கீப்பர் வேலை எனக்கு.
தோஹா, இண்டஸ்ட்ரியல் ஏரியா, முப்பத்தெட்டாம் தெரு.
வந்தவனுக்கு ஒரு டிக். வராதவனுக்கு ஒரு கோடு.
காய்ச்சல்காரனிடம் மருத்துவச் சீட்டு இருந்தால் வட்டம்,
இல்லாவிட்டால் அவனுக்கும் கோடுதான்.

சுவிசேஷமுத்து, கம்பி கட்டுகிறவர், ஐடி 4417,
ஓர் இரவு கண்டெய்னர் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.
கையில் சம்பளச் சீட்டு.
அப்படி வந்து நிற்பவர்கள்
குறையுது என்று சொல்லத்தான் வருவார்கள்.
நானும் முகத்தை அதற்குத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"தம்பி, பதினாலாம் தேதி
ரெண்டு மணி நேரம் கூடப் போட்டுருக்கீங்க.
அன்னைக்குப் புழுதிக் காத்து.
அஞ்சு மணிக்கே எறங்கிட்டோம்."

எனக்கு வந்தது கோபம்.
இவருக்குக் குறைத்தால் ஃபோர்மேனுக்குத் தெரியும்.
ஃபோர்மேனுக்குத் தெரிந்தால் நாற்பது பேருக்கும் வெட்டு.
பேசாமப் போங்கண்ணே என்றேன்.
போனார்.
மறுநாள் அதே நேரத்துக்கு வந்து நின்றார்.
அதற்கடுத்த நாளும்.
அடுத்த மாதத் தாளில்
அவருக்கு மட்டும் சத்தமில்லாமல் குறைத்தேன்.
பதினோரு ரியால்.
கடன் கிடைத்தவர்போல நன்றி சொன்னார்.

எங்கள் அறையில் பன்னிரண்டு பேர்.
வாசலில் பன்னிரண்டு ஜோடி சேஃப்டி ஷூ,
ஓவர்டைம் முடிந்து உதறிய உதறலில்
ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ந்து கிடக்கும்.
காலை நாலு மணிக்குக் கதவைத் திறந்தால்
எல்லாம் தெருவைப் பார்த்து வரிசையாக நிற்கும்.
உள்ளே மணல் இருக்காது.
வருஷக்கணக்கில் அப்படித்தான்.
எப்படி என்று யாரும் கேட்டதில்லை.
குழாயில் தண்ணீர் வருவதை யார் கேட்கிறார்கள்?

ஜூனில், ஏசி நின்றுபோன ஓர் இரவு,
தூக்கம் வராமல் எழுந்து வந்தவன் பார்த்தேன்.
குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தார்,
சுவரில் அல்ல, சத்தம் வரும் என்று தன் தொடையில்.
நேபாளி தமாங்கின் ஷூவில் கயிறு அறுந்திருந்தது.
தன்னுடையதை உருவி அதில் கோத்தார்.
தன் ஷூவுக்குக் கம்பி கட்டும் வயரை முறுக்கிக்கொண்டார்.
உதடு அசைந்தது.
பாட்டா, எங்கள் பெயர்களா, கேட்கவில்லை.
அவர் கை என் ஷூவுக்கு வந்தபோது
நான் உள்ளே போய்விட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவரோடு சர்ச்சுக்குப் போனேன்.
ஜெபத்துக்கு இல்லை; பிரியாணி என்றார்கள்.
கோபுரம் இல்லை, வெளியே சிலுவை இல்லை.
வாசலில் பையைச் சோதித்து அனுப்பினார்கள்.
தமிழ் ஆராதனை முடியட்டும் என்று
மலையாளிகள் வெயிலில் காத்திருந்தார்கள்.
அன்று வாசித்தது,
துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு
ஒருவர் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவிய கதை.
சட்டென்று இவரைத் திரும்பிப் பார்த்தேன்.
பக்கத்தில் விரல் வைத்து,
வாசிக்கிறவருக்கு அரை வரி பின்னால்
எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார்,
இப்போதுதான் கேள்விப்படுகிறவர் மாதிரி.

போன மாதம் விசா முடித்துப் போய்விட்டார்.
முப்பது கிலோ பெட்டி; அதிலும் 4417 என்று எழுதியிருந்தது.
வழியனுப்ப ஆளில்லை, எல்லோரும் ஷிஃப்டில்.
தமாங் மட்டும் அரைநாள் கோடு வாங்கிக்கொண்டு
பெட்டியை பஸ் வரை தூக்கினான்.

மறுநாள் காலை
ஷூக்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தன.
பதினொரு பேரும் இருட்டில் இடது வலது தேடினோம்.
யாரோ கெட்ட வார்த்தை சொன்னான்.
அப்புறம் கொஞ்ச நேரம்
ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

என் தாளில் இதற்குக் கட்டம் கிடையாது.
மேலே ஒருவர் எழுதிவைக்கிறார் என்பது அவர் நம்பிக்கை.
எனக்குத் தெரியாது.
ஆனால் அப்படி ஒருவர் இருந்தால்
அவர் வாசலிலும் இவர் போய் நிற்பார்,
கையில் சீட்டோடு,
கூடப் போட்டுருக்கீங்க என்று.
பேசாமல் போகச் சொன்னால் மறுநாளும் வருவார்.

ஐயா, அதே வேலை பார்ப்பவன் என்ற முறையில்
சொல்லிவைக்கிறேன்.
குறைத்துவிடாதீர்கள்.