அறை வெப்பத்தில்

லூலியோ துறைமுகத்தில் அன்று
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
பாரந்தூக்கியின் கொக்கி ஊசி
முனகக்கூட இல்லை.
பாதி மேலேயே நின்றது, பாதி பனியில் கிடந்தது.
நான்கு டன் பலகைக்கட்டு
ஸ்டூரே லிண்ட்மார்க்கின் இடது பூட்ஸிலிருந்து
இரண்டடி தள்ளி இறங்கியது.

செவ்வாய்க்கிழமை என் மேசைக்கு வந்தன
இரண்டு பாதிகளும், ஒரு பிளாஸ்டிக் பையில்.
கூடவே சான்றிதழ்.

சான்றிதழில் குற்றமில்லை.
கார்பன் சொன்ன அளவு. மாங்கனீசு சொன்ன அளவு.
கந்தகம் இருப்பதே தெரியாத அளவு.
நானும் பொறி பறக்கவிட்டு அளந்தேன்:
அதே எண்கள்.

பிறகு வெட்டினேன். தேய்த்தேன்,
கரட்டுத் தாளில் தொடங்கி வைரப்பசை வரை,
என் முகம் அதில் தெரியும்வரை.
நைட்ரிக் அமிலம் கலந்த சாராயத்தில்
பத்து எண்ணும் நேரம்.
கண்ணாடி மங்கியது. என் முகம் போய்
எஃகின் முகம் வந்தது.

ஃபெரைட், வெளுப்பாய், மெத்தென்று.
பெர்லைட், கறுப்பும் வெளுப்புமாய் விசிறி மடிப்பில்.
வரவேண்டியவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள்.
ஆனால் மணிகள்!
குருணையாய் இருக்கவேண்டிய மணிகள்
கொண்டைக்கடலையாய்ப் பருத்துக் கிடந்தன.

யாரோ உலையை அணைக்கவில்லை.
ஒரு சனிக்கிழமையா, ஒரு பிறந்தநாளா,
ஒட்டிக்கொண்ட ஒரு சுவிட்சா,
அதை உலோகம் சொல்லாது.
ஒரு மணிநேரம் இருந்து வெளியேறவேண்டியது
மிகைச்சூட்டில் இரவெல்லாம் கிடந்திருக்கிறது.
பெரிய மணி சின்னதைத் தின்னும். வரப்பு குறையும்.
வரப்பில்லாத வயலில்
விரிசலை யார் மறிப்பது?

புதன்கிழமை ஸ்டூரேயே வந்தான்.
"ஆள் பெயர் சொல்" என்றான்.
நுண்ணோக்கியில் கண்வைக்கச் சொன்னேன்.
வெகுநேரம் பார்த்தான்.
"மார்ச் மாதக் கடல்" என்றான்,
"பாளம் பாளமாய்."
அதற்குமேல் பெயர் கேட்கவில்லை.

ஊசல் சம்மட்டியை அவன் எதிரிலேயே விட்டேன்.
முதல் துண்டு, இந்த அறையின் இதத்தில்:
அறுபத்திரண்டு ஜூல்.
மடிந்தது, கிழிந்தது, ஒரு நரம்பில் தொங்கியது,
பிரியவில்லை.
சான்றிதழ் கேட்டது இருபத்தேழுதான்,
அதுவும் இருபது பாகையில்.
அடுத்தது, உலர்பனி போட்ட சாராயத்தில்
துறைமுகத்துக் குளிருக்கு இறக்கியது:
ஐந்து ஜூல்.
சம்மட்டி நின்று பார்க்கவில்லை, கடந்து போனது.
முறிந்த முகத்தில் சர்க்கரை மினுக்கம்.

அலமாரியில் வேறொரு வார்ப்பு இருந்தது,
நூற்றுக்கு மூன்றரை நிக்கல் கலந்தது, பொடி மணி.
அதே குளிர், அதே வெட்டு.
சம்மட்டி பாதி வழியில் மூச்சு வாங்கியது.
"இதில் ஏன் செய்யவில்லை?"
விலையைச் சொன்னேன்.
"அப்போது குளிர்வது முதலாளிக்கு" என்றான்.
சிரித்தோம், கொஞ்சம் அதிகமாகவே.

அறிக்கையில் காரணத்துக்கு ஒரே ஒரு வரி இடம்.
'பருமணி அமைப்பு' என்று எழுதினேன். சரிதான்.
ஆனால் எழுதாமல் விட்டது:
யாரும் அதனிடம் பொய் சொல்லவில்லை,
அதுவும் யாரிடமும் சொல்லவில்லை.
கேள்வியை மட்டும் கதகதப்பான அறையில் கேட்டார்கள்.

உடைந்த ஊசியைக் கேட்டான். தர முடியாது, அது சாட்சி.
மடிந்து தொங்கிய அந்த முதல் துண்டைக் கொடுத்தேன்.
உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து
உள்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
பனிக்குள் இறங்கினான்.

அங்கே, அவன் நெஞ்சோரம்,
முப்பது பாகையாவது இருக்கும்.
அங்கே அது தேறும்.