எண்பத்தாறு

நீளம், அகலம், தடிமன்.
ஒரு விதைக்கு மூன்று எண்,
ஒரு ரகத்துக்கு நூறு விதை.
ஹெப்பாளத்தை மழை பிடித்துக்கொண்ட வியாழக்கிழமை
நான் அவரையில் இருந்தேன்.

நீளம் எளிது, தானே படுத்துக் காட்டும்.
அகலத்துக்குக் கொஞ்சம் திருப்ப வேண்டும்.
தடிமனுக்குத்தான் விதை நிற்க மறுக்கும்;
வெர்னியரின் இரண்டு தாடைக்கு நடுவே வழுக்கி
எழுபத்தொன்றா எழுபத்திரண்டா என்று
என்னைக் குழப்பிவிட்டு
ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

"எஷ்டு ஆயித்து?" என்பாள்
பக்கத்து மேசை புட்டலிங்கம்மா.
ராகி அவள் பங்கு.
உருண்டைக்கு ஒரே எண் போதும்.
கொடுத்துவைத்தவள்.

எள்ளளவும் சந்தேகமில்லை என்று
சத்தியம் செய்கிற மொழி என்னுடையது.
போன மாதம் எள் அளந்தேன்.
நூறு எள்,
நூறு எள்ளளவு.
குன்றிமணி வைத்துத் தங்கம் நிறுத்தவர்கள்
எந்தக் குன்றிமணி என்று
கட்டாயம் சண்டை போட்டிருப்பார்கள்.

நாலரைக்குக் கரண்ட் போனது.
எண்பத்தாறாம் விதை தாடைக்குள்.
கோடுகளைப் படிக்க வெளிச்சமில்லை.
திருகை இறுக்கி அப்படியே வைத்துவிட்டு,
மேக்ரி சர்க்கிளில் முழங்கால் தண்ணீராம்,
பஸ்ஸுக்கு ஓடினேன்.
வெள்ளிக்கிழமை காய்ச்சல்.
சனி, ஞாயிறு யார் வருவார்கள்?

திங்கட்கிழமை
ஜன்னல் திறந்தே கிடந்தது.
மேசையில் பாதி ஈரம்.
அவரை ஊறிப் பருத்து, போக வழியில்லாமல்
தோலைக் கிழித்து
பக்கவாட்டில் ஒரு வெள்ளை மூக்கை நீட்டியிருந்தது.
எட்டிப் பார்த்த புட்டலிங்கம்மா
"ஹிதுகித பேளெ!" என்று சிரித்தாள்,
சாருக்கு இன்னும் ஒரு கிலோ வேண்டுமாம்.

திருகு மட்டும் நகரவில்லை.
ஆறு புள்ளி ஒன்று இரண்டு.
வியாழக்கிழமையின் தடிமன்,
யாரும் தொடாமல், அப்படியே.
அதற்குச் சொந்தமான விதைதான் இப்போது இல்லை.

பென்சிலால் எழுதினேன்.
எழுதியது பொய்யில்லை.
குறிப்பு என்ற கட்டத்தில்
என்ன எழுதுவது என்று தெரியாமல்
ஒரு கோடு போட்டேன்.

பிறகு திருகைத் தளர்த்தி, விதையை எடுத்து,
துடைத்து,
வெறும் தாடைகளை மூடிப் பார்த்தேன்.
பூஜ்யத்தோடு பூஜ்யம் சேரவில்லை.
இரண்டு கோடு தள்ளி நின்றது.

அவரை தள்ளியதா?
முதல் நாளிலிருந்தே அப்படித்தானா?
கருவியைக் கேட்டால் சொல்லாது.
எண்பத்தைந்து விதைகளும்
தட்டில் வரிசையாக
என்னைப் பார்த்தன.

"எஷ்டு ஆயித்து?"

ஸ்டோரில் போய் வேறு வெர்னியர் கேட்டு வாங்கினேன்.
ஒன்றாம் விதையை எடுத்தேன்.
நீளம்.