பதினாறு அங்குலம்

வாரன் நகரம், பிப்ரவரி, காலை ஆறே முக்கால்.
ஓவனிலிருந்து எடுத்த களிமண்ணில்
கந்தகமும் மெழுகும் கலந்த வாடை.
வாண்டா ஷிமான்ஸ்கி கையுறை போடுவதில்லை;
கதவின் வளைவு உள்ளங்கைக்குத்தான் தெரியும் என்பாள்.

மேலிடத்துத் தாளில் ஒரே வரி:
நீளத்தில் பதினாறு அங்குலம் எடுக்கவும்.
எங்கிருந்து என்று எழுதவில்லை.

பின்னால் ஐந்து எடுத்தோம்.
டிக்கியில் இனி இரண்டு கோல்ஃப் பைகள் படுக்கும்,
மூன்றாவது ஆள் நடந்து வரட்டும்.
சக்கரங்களின் இடையில் ஆறு.
மிச்சம் ஐந்தும் மூக்கில்.

மூக்கில் கைவைக்க எனக்கு மனமில்லை.
அந்த நீண்ட பானெட்டுக்குள்
பாதி வெறும் காற்றுதான், தெரியும்.
அந்தக் காற்றுக்குத்தான்
ஜனங்கள் தவணை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எஞ்சின் பிரிவிலிருந்து லெமுவல் ட்ரெக்ஸ்லர் வந்தான்,
காதில் பென்சில்.
எட்டு சிலிண்டரையும் குறுக்கே படுக்கவைத்திருந்தான்,
ரயில் பெர்த்தில் நெட்டை ஆள் முழங்கால் மடக்கியதுபோல்.
"பத்து மில்லிமீட்டர் மிச்சம்" என்றான்,
சொத்து சேர்த்தவன் குரலில்.
"பிளக் மாற்ற?"
"எஞ்சினைக் கொஞ்சம் முன்னால் சாய்க்கணும்."
யாரும் சிரிக்கவில்லை.

கணக்கு எங்கள் பக்கம் இருந்தது.
கேலன் மூன்று டாலர் ஆகும் என்று
சுவரில் மலையேறியது சிவப்புக் கோடு.

பின்கண்ணாடி மட்டும் நிமிர்ந்து நிற்கட்டும்,
வாண்டா பிடிவாதம்.
சட்டை சிறுத்தாலும் காலர் விறைக்கணும்.
இரவு பத்துக்கு
கறுப்பு டேப்பை ஒட்டி, உரித்து, ஒட்டி,
கூரைக் கோட்டை ஒரு நூல் உயர்த்தினாள்.
தாளில் இல்லாத ஒரு நூல்.

முத்திரையைக் குறைக்கச் சொல்லி மட்டும்
தாள் வரவேயில்லை.
அதே வெள்ளி நாரை, அதே அளவு,
சின்ன முகத்தில் பெரிய மூக்குத்தி.

மூன்று வருடம் கழித்து டொலீடோவில் ஒரு ஷோரூம்.
பெட்ரோல் தொண்ணூறு சென்ட்.
ஏழாவது கூப்பே வாங்க வந்த பல் மருத்துவர்
காரைச் சுற்றி நடந்தார்.
நடை சீக்கிரம் முடிந்துவிட்டது.
எதையோ விட்டுவிட்டவர்போல
இன்னொரு சுற்று.
பக்கத்தில் பாதி விலைக்கு எங்கள் செடான்,
தள்ளி நின்று பார்த்தால் உடன்பிறப்பு.

கூரை விளிம்பில் அவர் கை நின்றது.
அந்த நூல் இருந்த இடம்.
ஏன் நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை.
கைக்குட்டையால் விரல் தடத்தைத் துடைத்துவிட்டு
"யோசித்துச் சொல்கிறேன்" என்றார்.

வெட்டிய மண்ணை நாங்கள் எறிவதில்லை,
அது ஓவனுக்குத் திரும்பிப் போகும்.
இன்று காலை புதுத் தாள்:
நீளத்தைக் கூட்டவும்.
எவ்வளவு என்று எழுதவில்லை.
வாண்டா ஓவனைத் திறந்து கைவைக்கிறாள்.
சூடாகத்தான் இருக்கிறது.