புதுப்பிப்புக் கட்டணம்

ஆறாம் மாடி, ஜன்னலோரம், மூன்றாவது அலுமாரி.
மேல்தட்டில் இருக்கிறது
பதினொரு மணித்தியாலம் மீனைக் குளிரில் வைத்திருக்கும்
வாழைநார்ப் பெட்டிக்கான ஆக்கவுரிமைப் பத்திரம்.
உரிமையாளர்: அரசாங்கம்.
கண்டுபிடித்தவர்கள்:
சுனேத்ரா வீரக்கோன், நியாஸ் மரிக்கார், தயாபரன்.
ஒருவர் பேர்த்துக்குப் போனார்.
ஒருவர் பென்ஷனில் போனார்.
மரிக்கார் போன இடத்துக்கு
எந்தத் தபாற்கந்தோரிலும் முத்திரை இல்லை.

நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை.
வருடத்துக்கு ஒருமுறை, மார்ச் பத்தொன்பதுக்கு முன்,
புதுப்பிப்புக் கட்டணத்துக்கு வவுச்சர் எழுதினேன்.
கட்டாவிட்டால் செத்துப்போகும் ஒரு காகிதத்துக்கு
ஒன்பது வருடம் சோறு போட்டேன்.
கணக்காளர் ஒவ்வொரு முறையும் கேட்பார்:
"இதால என்ன வருமானம், மிஸ்?"
மின்சாரம் நாளெல்லாம் போய்ப்போய் வந்த வருடம்
அவர் கேட்கக்கூட இல்லை. கோப்பு திரும்பி வந்தது.
அன்றைக்குப் பின்னேரம் பஸ் புறக்கோட்டையில் நின்றபோது
பாரை மீன் அழுகும் மணம்
ஜன்னலால் ஏறி என் மடியில் இருந்தது.
மறுநாள் கைக்காசைக் கட்டினேன்.
ரசீது இன்னும் கைப்பையில்.
திருப்பிக் கேட்கலாம்தான்,
எந்தச் செலவுத் தலைப்பில் கேட்பது?

இப்போது கொள்ளுப்பிட்டியிலிருந்து வந்திருக்கிறார்கள்.
அவர்களுடைய கந்தோரில் பதினான்காம் மாடியிலிருந்து
கடல் தெரியுமாம்; பணிப்பாளர் சொன்னார்.
"தனியுரிமையாகத் தாருங்கள்,
ஆயுள் முடியும்வரை."
பிளேன்டீ வருகிறது. இஞ்சி கூட.

கீழ்மாடித் தொழிற்சங்கக்காரருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது:
பொதுச்சொத்து விற்பனை, என்கிறார் லிஃப்டில்.
ஒன்பது வருடத்தில் ஒருநாள்
இந்த அலுமாரியைத் திறந்து பார்த்தவரில்லை.
அரசாங்கம் பெட்டி செய்யப்போவதில்லை.
அலுமாரிக்குள் மீன் குளிரப்போவதுமில்லை.
கொடுக்கத்தான் வேண்டும்.
எனக்கும் தெரியும்.

தமிழ்ப் பிரதி அடிப்பது என் வேலை.
"உரிமம் பெறுபவர்" என்று இருபத்தாறு தடவை அடித்தேன்.
"செய்யவேண்டும்" என்று ஒரு இடத்திலும்
அடிக்க வரவில்லை.
தேடினேன். செய்யலாம், விற்கலாம், தடுக்கலாம்,
எல்லாம் லாம், லாம், லாம்.

கூட்டத்தில் நான் பேசுவதில்லை; குறிப்பெடுப்பேன்.
அன்று பேனையை மூடிவிட்டுக் கேட்டேன்:
"ரெஜிபோம் பெட்டி செய்வதும்
உங்கள் கம்பனிதானே, சேர்?"

ஏசி சத்தம் மட்டும்.
சட்டத்தரணி சிரித்தார். பிறகு
சிரிப்பை வைக்க இடமில்லாமல் தண்ணீர் குடித்தார்.
பணிப்பாளர் என்னைப் பார்த்த பார்வை
கோபமா இல்லையா என்று
வீடு வந்தும் விளங்கவில்லை.
ஆனால் பதினேழாம் பிரிவைச் சொன்னது அவர்தான், நான் எழுதினேன்:
இரண்டு வருடத்துக்குள் பெட்டி சந்தைக்கு வராவிட்டால்
தனியுரிமை நீங்கும்;
கேட்கிற வேறு எவருக்கும் கொடுக்கப்படும்.
கூடவே, அரச ஆஸ்பத்திரிகளுக்கு
அடக்கவிலைக்கு.
குளிர் மீனுக்கு மட்டுமா வேண்டும்.

வரைவை எடுத்துப்போனார்கள். யோசித்துச் சொல்கிறார்களாம்.
ஐந்து கிழமை.

தொலைபேசி அடிக்கும்போதெல்லாம்
தவறான இலக்கம், அல்லது கன்டீன்.

மார்ச் பிறந்துவிட்டது.
வவுச்சர் புத்தகத்தில் கார்பன் தாளைச் செருகுகிறேன்,
நீலப்பக்கம் கீழே.
பத்தாவது வருடம்.
செலவுத் தலைப்பு: ஏனையவை.