பெட்டி மாற்றும் மாதம்

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டி
எங்கள் தேன் சங்கத்தின் ஆபீஸ்.
பாலத்தில் லாரி போனால்
மேசை மேல் மாதிரிப் பாட்டில்களில்
தேன் கொஞ்சம் நடுங்கும்.

பழைய இணையதளம் ஆடியில் செத்துப்போனது.
கட்டிக்கொடுத்த கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள்.
சாவி வைத்திருந்த பையன் இப்போது மஸ்கட்டில்.
போனில் சொன்னான்:
"அது எங்க சொந்த சாஃப்ட்வேர் ஆக்கும், அக்கா.
உள்ளே கிடக்கியத வெளியே எடுக்க வழியில்ல."
நானூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களின் பெயர்,
ஆறு வருஷத்து விலை,
எந்த எஸ்டேட்டில் என்றைக்கு ரப்பர் தளிர்த்தது என்ற கணக்கு,
அவ்வளவும் உள்ளே.

கமிட்டி கூடியது. கட்டன் சாயா, பழம்பொரி.
"இந்தத் தடவை திறந்த மூல மென்பொருள்" என்றேன்.
பொருளாளர் தங்கப்பன் கேட்டார்:
"சும்மா கிடைக்குமா?"
கிடைக்கும்.
"சும்மா கிடைக்கிற தேன்ல
சீனிப்பாகுதான் கிடக்கும், பிள்ளே."

எனக்கு உடனே பதில் வரவில்லை.
சாயா ஆறின பிறகு கேட்டேன்:
உங்க சட்டம் பெர்ஜினுக்க பெட்டியில ஏறுமா?
"ஏறும். ஒரே அளவுதானே."
அந்த அளவு யாருக்குச் சொந்தம்?
"அளவுக்கு எதுக்குட்டி சொந்தக்காரன்?
பலகைதான் எனக்கு."
சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் யோசித்தார்.
தீர்மானப் புத்தகத்தில் முதல் கையெழுத்து அவருடையது.

மூன்று ராத்திரி, மூன்றையும் நிறுவிப் பார்த்தேன்.
நடுவில் இரண்டு முறை கரண்டு போனது.
துருபால் தேக்கில் செய்த சாமான், சந்தேகமில்லை.
ஆனால் ஓர் ஆணி அடிக்கவும் ஆசாரி வேண்டும்.
இங்கே ஆசாரியும் நான்தான்,
ரசீது போட்டு முடித்த பிறகு.
ஜூம்லாவில் விலை எழுதும் இடத்தைத் தேடிப்போய்
விளம்பரப் பலகை மாட்டும் இடத்தில் போய் நின்றேன்,
மறுநாளும் அதே இடத்தில்.
வேர்ட்பிரஸ் ஊரெல்லாம் பழகின முகம்.
ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு செருகி கேட்கிறது.
கவனிக்காமல் விட்ட அடையில்
மெழுகுப்பூச்சி ஏறுவதுபோல்
விட்டுப்போன செருகி வழியாகத்தான் கள்ளன் ஏறுவானாம்.

பூ, கலர், சறுக்கிப்போகும் படங்கள்
எதையும் பார்க்கவில்லை.
பத்துப் பொய் உறுப்பினர்களைச் சேர்த்தேன்,
எல்லாருக்கும் என் வீட்டு ஆடுகளின் பெயர்.
பிறகு அவர்களை வெளியே எடுத்து
சாதாரண அட்டவணைக் கோப்பில் கொட்டிப் பார்த்தேன்.
பத்துப் பேரும் சேதமில்லாமல் வந்தது வேர்ட்பிரஸில்.
ராத்திரி வாசலை அடைத்து, டெம்போவில் ஏற்றி,
பேச்சிப்பாறைப் பக்கம் இறக்கிவிட்ட பெட்டியில்
விடியும்போது இரைச்சல் கேட்டால் வருமே ஒரு நிம்மதி,
கிட்டத்தட்ட அது.

தமிழுக்கு மாற்றினேன்.
ஒரு செருகியில், குப்பைத்தொட்டிப் படத்துக்குப் பக்கத்தில்
"அளி" என்று இருந்தது.
விலையை அளி. படத்தை அளி. உறுப்பினரை அளி.
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.
பிறகு ஒரு கணக்கு தொடங்கி
ஒரே ஓர் எழுத்தைத் திருத்தி அனுப்பினேன்.
காலையில் பார்த்தால், ஏற்றுக்கொள்ளப்பட்டது.
எந்த ஊரோ, ஆணோ பெண்ணோ,
ராத்திரி இரண்டு பத்துக்கு
என் ழகரத்துக்காக ஒருவர் விழித்திருந்திருக்கிறார்.
அந்த வாரம் கமிட்டியில் இதை நான் சொல்லவில்லை.
சொல்ல ஓர் இனம் இல்லை, நிகழ்ச்சி நிரலில்.

மாசி முதல் திங்கள்.
தங்கப்பன் குலசேகரத்தில், ரப்பர் நிழலில் நின்று,
தன் போனிலேயே விலையை மாற்றினார்.
கிலோ முந்நூற்று இருபது
மூவாயிரத்து இருநூறு ஆகிவிட்டது.
நான் பார்க்கும்போது மணி பதினொன்று.
முந்தைய பதிப்புகளைத் திறந்தேன்.
அவர் கை, நேரம், அந்த ஒற்றைச் சுழி,
எல்லாம் வரிசையாக இருந்தன.
ஓர் அழுத்தில் பழையதைத் திருப்பி வைத்தேன்.

அதற்குள் கோயம்புத்தூரிலிருந்து
ஓர் அம்மா கூப்பிட்டுவிட்டார்:
அந்த மூவாயிரத்து இருநூறு ரூபாய்த் தேன்
இரண்டு கிலோ கிடைக்குமா?